தும்பை வளர்க்கும்போது வரும் சிக்கல்களும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

எட்டு வருடமாகச் சிவகங்கைப் பக்கம் ஒரு செம்மண் தோட்டத்தின் வரப்பிலும் வீட்டு முற்றத்திலும் தும்பை வளர்க்கிறேன். வரப்பில் தானாக வரும் செடிதானே, இதை வளர்க்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் "வா" என்று கூப்பிட்டால் தும்பை வருவதில்லை. விதை முளைக்கவில்லை, செடி வந்தும் பூ இல்லை, போன வருடம் நின்ற இடத்தில் இந்த வருடம் காணோம் என்று ஒவ்வொரு ஐப்பசியிலும் யாராவது கேட்கிறார்கள். பாதிக்கு மேல் ஒரே காரணம்தான்: ரோஜாவுக்குச் செய்வதை எல்லாம் தும்பைக்கும் செய்கிறோம்.

உங்கள் செடிக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எதற்கும் முன்னால்: அது தும்பைதானா?

தண்டை விரலுக்கிடையில் உருட்டிப் பாருங்கள். நாலு பட்டை தெரிய வேண்டும். இலைகள் எதிரெதிராக, ஒடுங்கி நீண்டிருக்கும். கசக்கினால் காரமான வாசனை வரும். பூக்கள் கணுவில் உருண்டையாகக் கூடி நிற்கும், அந்த உருண்டையைத் துளைத்துக்கொண்டு தண்டு மேலே போகும். ஒரு பூவைப் பறித்தால் மேலுதடு சிறியதாக, வெள்ளை மயிரோடு இருக்கும். கீழுதடு நாக்கு நீட்டியது மாதிரி பெரியதாக இருக்கும். சின்ன வயதில் பூவின் அடியை உறிஞ்சித் தேன் குடித்தவர்களுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படாது.

பூ தரையைப் பார்த்துக் கவிழ்ந்து, இளநீலம் கலந்திருந்தால் அது கவிழ்தும்பை. பெயரில்தான் ஒற்றுமை, குடும்பமே வேறு. நடுவில் மஞ்சள், சுற்றி வெள்ளை இதழ் என்றால் வெட்டுக்காயப்பூண்டு. இலை கேரட் இலைபோலப் பிளந்து, உச்சியில் பொடிப் பொடியாக வெள்ளைப்பூ இருந்தால் அது பார்த்தீனியம். அதை வெறுங்கையால் தொடாதீர்கள், சிலருக்குத் தோல் தடித்துவிடும். கையுறை போட்டு, பூக்குமுன் வேரோடு எடுத்துவிடுங்கள். "நாட்டு வெள்ளைப்பூ வளர்க்கிறேன்" என்று ஒருவர் தொட்டி நிறையப் பார்த்தீனியத்தைப் பேணி வைத்திருந்ததை நேரில் பார்த்தேன். அவருடைய அக்கறையைப் பார்த்தபின் சொல்லத்தான் மனம் வரவில்லை, ஆனாலும் சொன்னேன்.

இன்னும் சந்தேகம் என்றால் பக்கத்துக் கல்லூரித் தாவரவியல் துறையில் பூவோடு ஒரு கிளையைக் காட்டுங்கள். ஐந்து நிமிட வேலை.

விதை போட்டேன், முளைக்கவே இல்லை

*எந்த மாதத்தில் போட்டீர்கள்?* முதலில் இதைப் பாருங்கள். மாசி, பங்குனியில் போட்டிருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பும் ஊர்களில் புரட்டாசிக் கடைசியிலிருந்து ஐப்பசிக்குள் போட வேண்டும். தென்மேற்கு மழை நன்றாகக் கிடைக்கும் மேற்குப் பக்கத்து ஊர்களில் ஆனி, ஆடியிலும் போடலாம். செடியிலிருந்து எடுத்த கையோடு போட்ட விதை எனக்கு முளைத்ததே இல்லை. மாசியில் உதிர்ந்தது கோடை முழுக்க வெயிலில் கிடந்து, மழை விழுந்தபின்தான் எழும்பியது. அதனால் பங்குனியில் விதை கிடைத்தால் காகித உறையில் போட்டு மழை வரும்வரை வைத்திருங்கள்.

*விதை உள்ளே இருந்ததா?* பலரும் கோட்டைவிடும் இடம் இது. காய்ந்த தும்பைத் தலையைக் கொத்தோடு பறித்து வந்து உதிர்த்துப் போடுகிறார்கள். கையில் இருப்பது பூவின் அடியில் கிண்ணம்போல நிற்கும் வெறும் புல்லிவட்டக் கூடாக இருக்கும், விதை எப்போதோ காற்றில் கொட்டிப் போயிருக்கும். ஒரு வெள்ளைத் தாளை விரித்து, தலையைக் கவிழ்த்து விரலால் தட்டுங்கள். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் அதிகபட்சம் நாலு விதை. எள்ளைவிட மெலிந்து, பழுப்பாக இருக்கும். தாளில் தூசிதான் விழுகிறது என்றால் நீங்கள் விதைத்ததும் தூசிதான். உச்சிக் கொத்தில் இன்னும் பூ இருக்கும்போதே கீழ்க்கொத்து காய்ந்திருக்கும். பறிக்கச் சரியான நேரம் அதுதான். செடியைக் காகிதப் பைக்குள் வளைத்து உதறினாலே போதும், பிடுங்க வேண்டாம்.

*ஆழமாகப் புதைத்தீர்களா?* விரலால் குழி போட்டு மூடியிருந்தால் அதுவே காரணம். ஒரு பங்கு விதைக்கு ஐந்து பங்கு மணல் கலந்து தூவி, உள்ளங்கையால் தரையை அழுத்திவிடுங்கள். மேலே மண் போட வேண்டாம். விதைப்பந்தும் இதே காரணத்தால் எனக்கு ஒத்துவரவில்லை. புளிக்கும் வேம்புக்கும் அது சரி, இத்தனை சிறிய விதை களிமண்ணுக்குள் மாட்டிக்கொள்கிறது.

*எறும்பு எடுத்துப் போய்விட்டதா?* விதைத்த மறுநாள் காலையில் குனிந்து பாருங்கள். வரிசை தெரிந்தால், அடுத்த தடவை மழை பெய்யப்போகும் நாளாகப் பார்த்துப் போடுங்கள். நனைந்த மண்ணில் ஒட்டிக்கொண்ட விதையை அவ்வளவு எளிதாக எடுக்க முடியாது.

*மண்ணே சரியில்லையா?* இந்த முடிவுக்குக் கடைசியாகத்தான் வர வேண்டும். அதே இடத்தில் குப்பைமேனி, நாயுருவியாவது முளைக்கிறதா? முளைத்தால் மண்ணில் குறையில்லை, மேலே சொன்னதில் ஒன்றுதான். அவையும் இல்லாமல், காய்ந்தபின் தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தால் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். ஐந்தாறு இடத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில 'வி' வடிவில் வெட்டி, அந்த முகத்திலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்து, எல்லாவற்றையும் கலந்து அரைக் கிலோ எடுத்துப் போங்கள். மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலோ அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ கார அமில நிலையும் உப்பின் அளவும் பார்த்துச் சொல்வார்கள். அந்த முடிவு வருமுன் ஜிப்சம், சுண்ணாம்பு என்று எதையும் வாங்கிக் கொட்டாதீர்கள்.

முளைத்தது, நாலே நாளில் சாய்ந்துவிட்டது

சாய்ந்த நாற்றை எடுத்து அடித்தண்டைப் பாருங்கள். இரண்டில் ஒன்றாக இருக்கும்.

*அடி நூல்போல மெலிந்து பழுப்பாகியிருந்தால்* நாற்றழுகல். தண்ணீரும் நெருக்கமும் சேர்ந்தால் வரும். தென்னை நார்க்கழிவு நிரப்பிய தட்டில் விதைத்து, காலையும் மாலையும் பூவாளியால் ஊற்றுகிறவர்களுக்கே பெரும்பாலும் இது வருகிறது. மாலைத் தண்ணீரை நிறுத்துங்கள், தட்டை வெயிலுக்கு மாற்றுங்கள். இரண்டு விரல் இடைவெளிக்கு ஒரு நாற்று விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அடுத்த தடவை பாதிக்குப் பாதி மணல் கலந்த தோட்டத்து மண் போதும். அப்படியும் வந்தால் டிரைக்கோடெர்மா விரிடி என்ற, நோய்ப் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையை மக்கிய எருவில் கலந்து ஒரு பிடி போடலாம்.

*கத்தரித்ததுபோல வெட்டுப்பட்டிருந்தால்* நத்தை அல்லது வெட்டுப்புழு. இரவு ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பாருங்கள், ஆள் அங்கேயே இருக்கும். கையால் எடுத்தாலே போதும்.

பிடுங்கி வந்து நட்டேன், வாடிவிட்டது

பூவோடு நின்ற செடியை ரோட்டோரத்திலிருந்து பிடுங்கி வந்திருந்தால் பிழைக்காது. என்ன செய்தாலும் பிழைக்காது. ஆணிவேர் அறுந்திருக்கும், அதற்கு மீதமிருக்கும் ஆயுளும் குறைவு. அங்கேயே விட்டிருந்தால் விதையாவது விழுந்திருக்கும். இடம் மாற்றியே ஆக வேண்டுமென்றால் நாலு முதல் ஆறு இலைப் பருவத்தில், மழை பெய்த மறுநாள் மாலை, கொத்துக் கரண்டியால் மண்கட்டியோடு எடுங்கள். இரண்டு நாள் ஓலை மறைப்பு கொடுங்கள்.

செடி நன்றாகத் தழைக்கிறது, பூவே இல்லை

*வயது ஆகிவிட்டதா?* எனக்கு விதைத்து ஏழெட்டு வாரத்தில் முதல் கொத்து வருகிறது. அதற்குள் தேடிப் பயனில்லை.

*வெயில் எத்தனை மணி நேரம்?* கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, செடி வெளிறிச் சாய்ந்தால் நிழல்தான் காரணம். ஆறு மணி நேர வெயில் வேண்டும். "ஆடியில் பார்த்தேன், அங்கே நல்ல வெயில்" என்று சொல்வார்கள். மார்கழியில் சூரியன் தெற்கே போய்விடுகிறதே! அப்போது மூன்றடிக் கைப்பிடிச் சுவரின் வடக்குப் பக்கம், உச்சி வேளையில்கூட ஏறக்குறைய இரண்டடிக்கு நிழல் விழும். தும்பை பூக்க வேண்டிய மாதமும் அதுதான். மொட்டைமாடித் தொட்டிகளை ஐப்பசியிலேயே சுவரை விட்டு மூன்றடி தள்ளி வையுங்கள். சென்னையில் ஒரு நண்பருக்கு இரண்டு வருடம் பூக்காத தொட்டி, இப்படி நகர்த்தியபின் பூத்தது. வேறெதையும் மாற்றவில்லை.

*எரு போட்டீர்களா?* இலை கரும்பச்சையாக, அகலமாக, தொட்டால் மெத்தென்று இருக்கிறதா? தீனி அதிகம். மண்புழு உரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பாறைச் சந்திலும் செங்கல் உடைசலிலும் பூத்துக் குலுங்கும் செடி இது. என் வரப்புத் தும்பை ஒரு சாண்தான் உயரும், அடியிலிருந்து நுனிவரை வெள்ளை. எருக்குழி ஓரத்தில் முளைத்தது இடுப்பளவு வளர்ந்து நாலே கொத்துப் பூத்தது. தொட்டியில் ஏற்கெனவே எரு கலந்துவிட்டால் பாதி மண்ணைக் கொட்டிவிட்டு மணலோ செம்மண்ணோ கலந்து மறுபடி விதையுங்கள், எருவைத் திரும்ப எடுக்க வழியில்லை.

*தினமும் தண்ணீர் போகிறதா?* சொட்டுநீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் அந்தத் துளையை அடைத்துவிடுங்கள். வேர் பிடித்தபின் மழையில்லாத வாரத்தில் ஒரு தடவை ஊற்றினால் தாராளம்.

*யாராவது வெட்டுகிறார்களா, மேய்கிறதா?* புல்வெட்டும் எந்திரம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஓடும் இடத்தில் தும்பை உயிரோடிருக்கும், பூக்காது. செடி அடர்ந்து வர வேண்டுமென்றால் ஒரு சாண் உயரத்தில் நுனியை ஒரே ஒரு தடவை கிள்ளுங்கள். அத்தோடு சரி.

பூ இருக்க வேண்டிய இடத்தில் குட்டிக் குட்டிப் பச்சை இலையாகக் கொத்து வந்தால் மேலே சொன்ன எதுவும் காரணமில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். பக்கத்தில் எள் போட்டிருந்தால் அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

இலையில் ஏதோ கோளாறு

*விபூதி பூசியதுபோல வெள்ளை:* சாம்பல் நோய். மார்கழிப் பனியில் நெருக்கமாக நின்றால் வரும். நோய் கண்ட இலைகளைக் கிள்ளி, நடுவில் நாலைந்து செடியை எடுத்துக் காற்றோட்டம் கொடுங்கள். புளித்த மோர் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து இலையில் தெளிக்கலாம். நான் இதற்கு மேல் போவதில்லை.

*கணுவில் பஞ்சுபோல வெள்ளை, கூடவே எறும்பு:* மாவுப்பூச்சி. தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, மாலை ஐந்து மணிக்குமேல், பூவில் படாமல் தெளியுங்கள். ஓரிரு செடி என்றால் பிடுங்கிவிடுவதே நல்லது. கடையில் கொடுக்கும் பூச்சிக்கொல்லியை மட்டும் தும்பைக்கு அடிக்காதீர்கள். காலையில் அந்தப் பூவைத் தேடி வரும் தேனீக்கள்தான் முதலில் சாகும்.

*இலையில் ஓட்டை:* புழு தின்றிருக்கிறது. தின்னட்டும்.

*ஒரே நாளில், ஒரே பக்கத்துச் செடிகள் எல்லாம் நுனி முறுக்கிக்கொண்டால்:* களைக்கொல்லிச் சாரல். பக்கத்து வயலில் மக்காச்சோளமோ கரும்போ இருந்து, முந்தின வாரம் மருந்து அடித்தார்களா என்று கேளுங்கள். காற்று வந்த திசையும் முறுக்கின திசையும் பொருந்தும். மருந்தில்லை. தண்ணீர் ஊற்றிக் காத்திருங்கள், லேசாகப் பட்டது தேறும். பக்கத்து வயல்காரரிடம் சண்டைக்குப் போவதைவிட, "அண்ணே, காத்தில்லாத காலையில அடிங்க, எனக்கும் சேதமில்லை, உங்க மருந்தும் வீணாகாது" என்று சொன்னது எனக்குப் பலித்தது.

*மண் ஈரமாக இருந்தும் வாட்டம்:* மதியம் வாடி மாலையில் தெளிந்தால் அது வெயில், விடுங்கள். மாலையிலும் தொங்கினால் ஒரு செடியைத் தோண்டி வேரைப் பாருங்கள். வேர் கறுத்து நாறினால் வடிகால் இல்லை, தொட்டித் துளையைக் குத்திவிடுங்கள். வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. இது தும்பையோடு நிற்காது, கத்தரிக்கும் தக்காளிக்கும் போகும் என்பதால் வேர்ப்பகுதி மண்ணோடு வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போங்கள்.

பூ இருக்கிறது, தேனீயும் பட்டாம்பூச்சியும் வரவில்லை

எப்போது பார்த்தீர்கள்? வெயில் ஏறிய காலை, எட்டிலிருந்து பதினொன்றுக்குள் பாருங்கள். மேகமூட்ட நாளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அடுத்து, எத்தனை செடி இருக்கிறது? ஒரு தொட்டியில் இரண்டு செடி இருந்தால் தேடி வர மாட்டா. ஒரு கட்டில் அளவு இடத்தில் சேர்ந்து பூக்க வேண்டும். அப்புறம் பக்கத்தில் மருந்தடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சரியென்றால் ஒரு வாரம் பொறுங்கள். வயிற்றில் நீலப்பட்டை போட்ட தேனீ ஒன்று ரீங்காரத்தோடு கொத்துக்குக் கொத்து தாவுவதைப் பார்த்துவிட்டால், அதன்பின் தும்பையைக் களை என்று சொல்ல வாய் வராது.

தை முடிந்ததும் காய்ந்துபோனது

கோளாறில்லை. தும்பை ஒரு பருவச் செடி, அதன் காலம் முடிந்தது. தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். காய்ந்த செடியைப் பிடுங்கவும் வேண்டாம். பங்குனிவரை அப்படியே நிற்கட்டும். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் அடுத்த வருடத்துச் செடி அந்தக் குச்சியில்தான் இருக்கிறது.

போன வருடம் நின்றது, இந்த வருடம் வரவே இல்லை

எனக்கே இரண்டு தடவை நடந்தது என்பதால் இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் தடவை காரணம் களையெடுப்பு. தோட்டத்துக்கு வரும் அக்கா கார்த்திகையில் வரப்பைச் சுத்தமாகச் சீவி வைத்திருந்தார். "களையப் போயி யாராச்சும் வளப்பாகளா தம்பி?" என்று கேட்டார். அவர்மேல் தப்பில்லை, நான் சொல்லவில்லை. கடலையிலும் எள்ளிலும் அவர் வாழ்நாளெல்லாம் பிடுங்கிய செடி அது. மறு வருடம் நாலு மூலையில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டினேன், இதற்குள் மண்வெட்டி போக வேண்டாம் என்றேன். இப்போது அவரே பிள்ளையாருக்கும் சிவன் கோயிலுக்கும் அங்கிருந்துதான் பூப் பறித்துப் போகிறார்.

இரண்டாம் தடவை தப்பு முழுக்க என்னுடையது. மண் காயாமல் இருக்கட்டும் என்று கடலைத் தொலியை நாலு விரல் கனத்துக்கு மூடாக்காகப் பரப்பினேன். ஒரு தும்பைகூட வரவில்லை. மூடாக்கு இல்லாத நடைபாதை ஓரத்தில் மட்டும் வரிசையாக முளைத்திருந்தது. தும்பைக்கு வெறும் தரை வேண்டும். ஆவணிக் கடைசியில் மூடாக்கை ஒதுக்கிவிட்டு வாரியால் மேல்மண்ணை லேசாகக் கீறுங்கள், உழ வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டிய வரிசை:

- விதை உதிருமுன் செடியை யாராவது பிடுங்கினார்களா?
- சருகு, மூடாக்கு, களைத்தடுப்பு விரிப்பு ஏதாவது தரையை மூடியிருக்கிறதா?
- கோடையில் அந்த இடத்தைக் கூட்டிப் பெருக்கினார்களா, மண் அடித்தார்களா?
- மேலே மரம் வளர்ந்து நிழல் விழுகிறதா?
- பார்த்தீனியம் முந்திக்கொண்டதா?

முதல் மூன்றுக்கும் கையில் வைத்த விதையை மறுபடி தூவினால் போதும். நிழல் என்றால் இடத்தை மாற்றுங்கள். பார்த்தீனியம் கொஞ்சமாக இருந்தால் மழைக்குப்பின் பூக்குமுன் பிடுங்கலாம். ஏக்கர் கணக்கில் அதுவோ சீமைக்கருவேலமோ மண்டியிருந்தால் தனி ஆளால் ஆகாது. வேர் தோண்ட எந்திரம் வேண்டும், அது புறம்போக்கு என்றால் ஊராட்சியின் அனுமதியும் வேண்டும். கண்மாய்க்கரை, பள்ளி வளாகம், கோயில் நந்தவனம் போன்ற இடங்களில் முதலில் பொறுப்பாளரிடம் பேசுங்கள். "சுத்தம் செய்வதை மாசிக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வேண்டுகோள் பத்துக் கிலோ விதையைவிட அதிகம் செய்யும். காப்புக்காடு, சரணாலயத்துக்குள் மட்டும் எந்த விதையையும் தூவாதீர்கள், அது வனத்துறையின் வேலை.

தோட்டம் முழுக்கத் தும்பையாகிவிட்டது

இந்தப் புகார் எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் காய்கறிப் பாத்தியில் அது இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மழை பெய்த மறுநாள், நாலு இலைப் பருவத்தில் பிடுங்கினால் கையோடு வரும். பாத்திக்குள் எதையும் பூக்க விடாதீர்கள், ஓரத்தில் இரண்டடிப் பட்டை மட்டும் விடுங்கள். பிடுங்கிய நாற்றை மண்கட்டியோடு ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் அன்று மாலைவரை தாங்கும். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கு அதற்குள் கொடுத்துவிடுங்கள்.